கடற்கரையில் பாப்பா பொறுக்கிய பூக்கல் புதைபடிவமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் 9 வயது மகள் வேதாளைக் கரையிலிருந்து ஒரு வெள்ளைக் கல் எடுத்து வந்திருக்கிறாள். கல் முழுக்கச் சின்னச் சின்னப் பூ பதித்ததுபோல் இருப்பதால் ‘பூக்கல்’ என்று பேர் வைத்திருக்கிறாள். டைனோசர் காலத்துப் புதைபடிவம் என்று வகுப்பில் காட்டியிருக்கிறாள். அங்கே யாரும் நம்பவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். அது என்ன கல், நம் ராமநாதபுரம் கரையில் புதைபடிவம் தேட முடியுமா, பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நிலவியல் படித்து, அந்தப் பாடத்தையே நடத்தி ஓய்வு பெற்றவன். ஊர் உச்சிப்புளி. விடுமுறை நாட்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போவது வழக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது பவளம். நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பாரிலிருந்து உடைந்து, அலையில் உருண்டு வந்து ஒதுங்கிய துண்டு. பாப்பா பூ என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒரு குட்டி உயிர் குடியிருந்த வீடு. ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழிக்கும் நடுவே ஒரு பள்ளம், அதைச் சுற்றி சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி மெல்லிய சுவர்கள் தெரியும். அந்தச் சுவர்களுக்கு இடையில்தான் பவள உயிரின் மெத்தென்ற உடம்பு மடிந்து உட்கார்ந்திருந்தது. கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தான் உட்கார்ந்த இடத்தைத் தானே கட்டி, பழைய தளத்தை மூடிவிட்டு மேலே மேலே ஏறிப்போகும். உருண்டையாக வளரும் பவளங்கள் பல, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். சில வகை அதைவிடவும் மெதுவாக. படத்தில் அவள் கை பக்கத்தில் இருப்பதால் கல்லின் கனம் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் என்று கணிக்கிறேன். அப்படியென்றால் பாப்பாவின் வயசு அளவுக்காவது அந்தக் கல் கடலுக்குள் வளர்ந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லுங்கள், டைனோசர் இல்லை என்ற ஏமாற்றம் பாதி குறைந்துவிடும்.

அது புதைபடிவமா என்றால், அந்தத் துண்டு பெரும்பாலும் அண்மைக் காலத்தது. புதைபடிவம் என்று சொல்ல ஓர் உயிர் மண்ணுக்குள் புதைந்து, நெடுங்காலம் கிடந்து, பாறையின் பகுதியாகியிருக்க வேண்டும். பத்தாயிரம் ஆண்டு தாண்டியிருக்க வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்கிற கணக்கு. ஆனால் பாப்பா முழுக்கத் தப்பு சொல்லவும் இல்லை. ராமேஸ்வரம் தீவின் வடகரையில், பாம்பன் பக்கம், கடல்மட்டத்துக்கு மேலே ஏறி நிற்கிற பழைய பவளப் பார் ஒன்று இருக்கிறது. உடைந்து உருண்டு வந்த துண்டுக் குவியல் இல்லை, பவளங்கள் வளர்ந்த நிலையிலேயே, தலை மேலாக நிமிர்ந்து நிற்கின்றன. தண்ணீருக்கு வெளியே பவளம் வளராது. ஆகவே ஒரு காலத்தில் கடல் அதற்கு மேலே இருந்தது என்று அந்தப் பாரே சாட்சி சொல்கிறது. 1972இல் ஸ்டோடார்ட் என்ற பிரிட்டிஷ் புவியியலாளரும் நம் பவள அறிஞர் கோபிநாத பிள்ளையும் இந்தப் பார்களைப் பற்றி எழுதினார்கள். கரிமக் காலக்கணிப்பில் அங்கே கிடைத்த வயது சுமார் 4000 ஆண்டு.

பத்தாயிரம் ஆண்டுக் கணக்குக்கு அது எட்டவில்லைதான், ஆனால் புதைபடிவம் உருவாகத் தொடங்குகிற கட்டத்தைக் கண்ணால் பார்க்க இந்தக் கரை அருமையான இடம். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், உயிருள்ள பவளம் இருக்கிறது. கரையில் செத்த பவளம் கிடக்கிறது. வடகரையில் 4000 ஆண்டுப் பார் நிற்கிறது. உயிர் கல்லாகிற கதையின் முதல் மூன்று பக்கம் நம் வாசலிலேயே விரிந்து கிடக்க, எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் தேடி ஓடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். பிள்ளைக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

இனி ஒரு கண்டிப்பான விஷயம். கல்பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001இல் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ளதோ செத்ததோ, எடுப்பதும் வீட்டில் வைப்பதும் விற்பதும் குற்றம். சில பெரிய சங்குகளுக்கும் கடலட்டைக்கும்கூட அப்படியே. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. இந்தக் கண்டிப்பு ஏன் வந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் வள்ளம் வள்ளமாகப் பவளம் வெட்டினார்கள். பார் போனால் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். பாப்பா தெரியாமல் எடுத்தாள், அதற்காக அவளைப் பயமுறுத்த வேண்டாம். கல்லை நன்றாகப் பார்த்து, வரைந்து, படம் எடுத்துவிட்டு, திரும்பக் கடலில் விட்டுவிடலாம்.

சரி, உயிர் எப்படிக் கல்லாகிறது என்று சொல்லிக்கொடுக்க எனக்குப் பிடித்த பாடம் நெத்திலியில் ஆரம்பிக்கும். சந்தையில் மூன்று பச்சை நெத்திலி வாங்குங்கள். ஒன்றை முற்றத்தில் ஒரு தட்டில் வையுங்கள். காக்கா ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிடும். இரண்டாவதை எறும்பு போகிற இடத்தில், கூடையைக் கவிழ்த்து வையுங்கள். மூன்றாவதை ஒரு சட்டியில் நனைந்த நைஸ் மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் மணலை மெல்லத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மீனில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இரண்டாவது சிதறிக் கிடக்கும். மூன்றாவதில் நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் முள் பெரும்பாலும் வரிசை குலையாமல் இருக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணுவார்கள். செத்த உயிர்களில் ஏன் லட்சத்தில் ஒன்றுகூடப் புதைபடிவம் ஆவதில்லை, சீக்கிரம் மூடப்படுவது ஏன் முக்கியம் என்பது அன்றைக்குப் புரிந்துவிடும். மணல் ஒரே இரவில் எல்லாவற்றையும் மூடும் என்பதை நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் நடந்ததைத் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். பாறைகளில் அழகாகப் பதிந்து கிடக்கிற மீன், நண்டு எல்லாம் அப்படி ஏதோ ஒரு வெள்ளமோ புயலோ சேற்றைக் கொட்டி மூடியவைதான் பெரும்பாலும்.

மூடிய பிறகு என்ன நடக்கிறது? தசை அழுகிவிடும். எலும்புக்கும் ஓட்டுக்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நிலத்தடி நீர் அவற்றுக்குள் ஊறி, கரைத்துக் கொண்டுவந்த உப்புச் சத்துகளைப் படியவைத்துக்கொண்டே போகும். குளியலறைப் பைப்பில் வெள்ளையாக உப்பு ஏறுகிறதே, அதே வேலைதான், லட்சக்கணக்கான ஆண்டு நடக்கிறது. சில சமயம் ஓடு முழுக்கக் கரைந்துபோய் வெறும் பள்ளம் மட்டும் நிற்கும். அது அச்சு. அந்தப் பள்ளத்தில் வேறு சேறு நிரம்பி இறுகினால் அது வார்ப்பு. இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். களிமண்ணை அடைபோல் தட்டி, ஒரு மட்டிச் சிப்பியில் தேங்காயெண்ணெய் தடவி அழுத்தி எடுங்கள். இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, அரை மணி கழித்துக் களிமண்ணை உரித்தால் கல் சிப்பி தயார். ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கையை அதற்குள் வைத்து அச்சு எடுக்கிறேன் என்று எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். சதை வெந்துவிடும். மிச்சத்தைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

காலம்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடாதது. கோடி என்றால் அவர்களுக்கு ஒரு சொல், அவ்வளவே. இதற்கு நான் வலைக்கயிறு எடுத்துக்கொள்வேன். 46 மீட்டர் நீளம். இரு கையையும் விரித்து அளக்கிற பாகக் கணக்கில் 25 பாகம். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. ஆக ஒரு மீட்டர் 10 கோடி ஆண்டு, ஒரு சென்டிமீட்டர் 10 லட்சம், ஒரு மில்லிமீட்டர் ஒரு லட்சம் ஆண்டு. கரை ஓரமாகக் கயிற்றை இழுத்துப் போட்டு, ஒரு நுனியில் பாப்பாவை நிறுத்துங்கள். அதுதான் இன்றைக்கு. அவளிடமிருந்து 35 மீட்டர் தள்ளிதான் முதல் நுண்ணுயிர்களின் தடயம். டைனோசர்கள் வருவது 2 மீட்டர் 30 சென்டிமீட்டரில். அவை மறைவது 66 சென்டிமீட்டரில், அவள் கை எட்டுகிற தூரம். நம் மனித இனம் தோன்றியது நுனியிலிருந்து 3 மில்லிமீட்டரில். ராமேஸ்வரத்துப் பார்? ஒரு மில்லிமீட்டரை 25 கூறு போட்டால் அதில் ஒரு கூறு, தலைமுடியைவிட மெல்லியது. சென்ற முறை இதைச் செய்தபோது ஒரு பையன் கயிற்று நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ‘இதுக்குள்ளயா சார் ராமேஸ்வரம் இருக்கு?’ என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

அதே நுனியில் இன்னொரு கதையும் உண்டு. சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ரொம்ப ஆழமில்லாதது. ஆகவே அன்றைக்கு அது கடலே இல்லை, நிலம். இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறி, சில ஆயிரம் ஆண்டுக்கு முன் இன்றைய மட்டத்தைவிடவும் சற்று மேலே வந்து, பிறகு இறங்கியது. பாம்பன் பக்கத்துப் பார் வெளியே நிற்பதை இந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

பவளத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பவளம் தன் கூட்டில் தினமும் ஒரு மெல்லிய கோடு போடுகிறது, வருஷத்துக்கு ஒரு பட்டையும் தெரியும். 1963இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் சுமார் 38 கோடி ஆண்டுப் பழைய பவளப் புதைபடிவங்களில் அந்தக் கோடுகளை எண்ணினார். ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 400 கோடு வந்தது. அதாவது அன்றைக்கு ஓர் ஆண்டில் 400 நாள், ஒரு நாளுக்கு 22 மணி நேரம்தான். நிலா கடலை இழுத்து ஏற்றமும் வற்றமும் உண்டாக்குகிறதே, அந்த உரசலில் பூமியின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வருகிறது. வற்றம் பார்த்துக் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான அறிவியல் எது?

டைனோசர் ஆசைக்கு வருகிறேன். அதற்கு அரியலூர்தான் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சி வழியாகச் சென்னை போகிற ரயில் பாதையிலேயே அந்த ஊர் இருக்கிறது. ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி, மார்கழி, தை மாதத்தில் போங்கள். சித்திரை வெயிலில், பக்கத்தில் காரை என்ற ஊரின் வெட்டவெளியில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். கிரிடேசியஸ் என்ற காலத்தின் பிற்பகுதியில், அதாவது நம் கயிற்றில் ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து 66 சென்டிமீட்டர் வரைக்கும், அந்த ஊர்கள் கடல். 1840களிலேயே அங்கே சேகரித்த சிப்பிகள் லண்டன் வரை போயின. முதலில் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள், கண் பழகும். பிறகு காரைப் பள்ளத்தாக்குக்குப் போனால், மழை அறுத்த மேடுகளில் ஜிப்சம் என்ற கனிமம் பளபளக்கும். நடுவே துப்பாக்கிக் குண்டு மாதிரி கிடப்பவை பெலம்னைட்கள், கணவாயின் உறவுக்கார உயிர்களின் உள்கூடு. சுருண்ட நத்தை போல இருப்பவை அம்மோனைட்கள். அவை நத்தை இல்லை, இவையும் கணவாய்ச் சொந்தம்தான். வீட்டில் பூஜைக்குச் சாளக்கிராமம் இருந்தால் பாப்பாவுக்குக் காட்டுங்கள். கண்டகி ஆற்றுக் கறுப்புக் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்தான். இமயமலை ஒரு காலத்தில் கடலடியில் இருந்ததை அது சொல்கிறது. பக்கத்து பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

டைனோசர் முட்டை விஷயத்தில் மட்டும் கவனம். 2020இல் பெரம்பலூர் குன்னம் அருகே பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. நிபுணர்கள் போய்ப் பார்த்து, கடல் உயிரைச் சுற்றி வண்டல் உருண்டு இறுகிய கல் என்று சொன்னார்கள். இல்லை என்று கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புதான் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். வகுப்பில் அவள் பட்ட அவமானத்துக்கு அது மருந்து.

அதே அரியலூரில் கல்லமேடு என்ற இடத்தில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. 1980களில் பிருகத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள், பெருத்த உடம்புப் பல்லி என்று பொருள். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் எலும்பு இப்போது இல்லை. பொடிந்துபோய்விட்டது. மிஞ்சியவை பதிவுகளும் படங்களும்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஆளுக்கொரு சுத்தியலோடு இறங்கியதைப் பார்த்தேன். அரை நாளில் ஒரு சாக்கு நிறையத் துண்டு. எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இடம் தெரியாத புதைபடிவம் முகவரி கிழிந்த கடிதம் மாதிரி, அதை வைத்துக் காலத்தைப் படிக்க முடியாது.

அதனால் சுத்தியல் வாங்கிக் கொடுக்காதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்குகிற கைலென்ஸ், கோடு போடாத நோட்டு, பென்சில், ஸ்கேல், இவ்வளவு போதும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வைக்கப் பழக்குங்கள், அளவு தெரியும். தேதி, இடம், கல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, கூட என்ன கிடந்தது என்று எழுதட்டும். ஆங்கிலேயக் கடற்கரை ஊரான லைம் ரீஜிஸில், மேரி ஆனிங் என்ற தச்சர் மகள் 12 வயதில் தன் அண்ணனோடு சேர்ந்து மீன்பல்லி (இக்தியோசார்) என்ற, டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டை வெளியே கொண்டுவந்தாள். 1811, 1812 வாக்கில் நடந்தது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் கரை எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. நம் பிள்ளைகளுக்கும் கரை பழக்கம்தான்.

கரையில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஒரு சிட்டிகை மணலைக் கறுப்புத் தாளில் தூவி லென்ஸில் பாருங்கள். மணி மணியாக, நுண்ணிய சங்கு வடிவில் தெரிபவற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் இருக்கும். பூமிக்குள் ஆழத் துளை போடும்போது வருகிற மண்ணில் இவற்றைப் பார்த்துத்தான் அந்த அடுக்கின் வயதைச் சொல்கிறார்கள். வழுதூரில் கரண்ட் எடுக்கிற எரிவாயு நம் மாவட்டத்து நிலத்தடியிலிருந்து வருகிறது. அந்த அடுக்குகளும் பழங்காலக் கடல் வண்டல்தான். தனுஷ்கோடியில் இடிந்த சர்ச்சின் சுவரில் பவளக் கற்கள் வெட்டு வாட்டில் தெரியும். தொடாமல், எடுக்காமல், பூக்களை எண்ண அதைவிட வசதியான இடமில்லை. மண்டபம், பாம்பன் கரைகளில் சிப்பித்துண்டும் மணலும் ஒட்டி இறுகிய கடற்கரைப் பாறையையும் காட்டுங்கள். இந்த மாதிரிப் பாறை சில பத்தாண்டுகளிலேயே இறுகிவிடக்கூடும். கல் என்றாலே கோடி வருஷம் என்ற எண்ணம் அங்கே போய்விடும். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைப் புதைபடிவம் என்று சொல்லிவிடாதீர்கள். அது மனிதன் செய்த பொருள், தொல்லியல். இது தொல்லுயிரியல். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடத்துக்கு முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போய் வாருங்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை: கனத்த அடி வைத்த செருப்பு போடாமல் பார்ப் பக்கம் நடக்க வேண்டாம். கூம்பு வடிவில் அழகான சங்கு உயிரோடு கிடந்தால் கையில் எடுக்கவே கூடாது. அவற்றில் சில வகையின் கொடுக்கு ஆளைக் கொல்லும் விஷம்.

நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். வரும் அமாவாசைக்கு மறுநாள், வேதாளையில் கடலுக்குப் போகிற யாரிடமாவது வற்ற நேரம் கேட்டுக்கொண்டு பாப்பாவைக் கூட்டிப்போங்கள். பூக்கல்லை எடுத்த இடத்திலேயே அவள் கையால் விடட்டும். போகும் முன், அந்தக் கல்லில் எத்தனை பூ என்று அவளை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எனக்கும் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஆசை.